மாற்றுக் கொள்கையாரோடு பேசும் முறை



சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டி கூடுவாஞ்சேரியைக் கடந்ததும் பொத்தேரியில் நிற்கிறது. வகுப்பு நாட்களின் காலை வேளைகளில் வண்டியின் பெரும்பகுதி அங்கேயே இறங்கிவிடும். 1985இல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். நிறுவனம் இன்று பெரும் பல்கலைக்கழகமாக அங்கே வளர்ந்து நிற்கிறது. பாரத தேசத்தின் பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கிப் படிக்கின்றனர். திருமண்காப்பு இட்டுக்கொள்ளும் பிள்ளையும், ஐவேளை தொழும் பிள்ளையும், ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குச் செல்லும் பிள்ளையும், கடவுளே இல்லை என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளையும் ஒரே அறையில் நான்கு கட்டில்களில் உறங்கி எழுகின்றனர். ஸிங்கப்பூரிலும் கலிபோர்னியாவிலும் வளரும் நம் ஸ்ரீவைஷ்ணவக் குழந்தைகளின் நிலையும் இதுவே. ஆகையால் பொத்தேரியில் எழும் கேள்வி உலகெங்கும் உள்ள அடியார்களின் இல்லங்களில் எழும் கேள்வியாகவே இருக்கிறது.

கேள்வி மிக எளியது. “உங்கள் பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தைத் தொழமாட்டோம் என்கிறீர்களே, அப்படியானால் எங்களை என்னவென்று நினைக்கிறீர்கள்?” தோழமையோடு கேட்கப்படும் இக்கேள்விக்கு நம் பிள்ளைகளில் பலர் இரண்டு விடைகளில் ஒன்றைச் சொல்லித் தப்பிக்கின்றனர். எல்லாத் தெய்வமும் ஒன்றுதான் என்பது ஒன்று. அவரவர் வழி அவரவருக்கு, இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பது மற்றொன்று. முதல் விடை நம் ஸித்தாந்தத்துக்குப் பொருந்தாது. இரண்டாவது விடை அறைத்தோழனுக்கு நியாயம் செய்வதாகாது. இவை இரண்டுக்கும் அப்பால் நம் பூர்வாசார்யர்கள் நமக்கு ஏதேனும் வைத்துப் போயிருக்கிறார்களா என்பதே இங்கு நாம் ஆராய விரும்புவது.

முதலில் இடர்ப்பாட்டை மறைக்காமல் சொல்லிவிடுவோம். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசந பூஷணத்தில் பகவதபசாரங்களை எண்ணும்போது, தேவதாந்தரங்களோடு எம்பெருமானை ஒப்பாக நினைப்பதை அவற்றுள் சேர்த்திருக்கிறார். ப்ரபந்நனுக்கு அநந்யார்ஹத்வம் என்பது விருப்பம்போல் கொள்ளவோ தள்ளவோ கூடிய அணிகலன் இல்லை. பத்தினியின் நிலையை எடுத்துக்காட்டாகச் சொல்லி நம் பெரியோர் இதை விளக்குவர். ஸர்வமத ஸமரஸம் பேசும் மேடைகளில், எல்லாம் சமம் என்று சொல்லும்படி நம்மைக் கேட்கும்போது நமக்கு நேரும் சங்கடம் பொய்யானது அன்று. அதைக் குறுகிய மனம் என்று பழிப்பவர்கள், ஒரே இஸ்லாமியரோ ஒரே கிறித்தவரோ தம் நெறியை எல்லாவற்றோடும் ஒப்பாக வைக்க மனமுவந்து இசைவாரா என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அதே ஸம்ப்ரதாயத்தின் வேர் நூலான திருவாய்மொழி எவ்வாறு தொடங்குகிறது? முதல் திருவாய்மொழியின் ஐந்தாம் பாசுரத்தில் நம்மாழ்வார், ஒவ்வொருவரும் தத்தம் அறிவுக்கு எட்டிய வகையில் தத்தம் இறைவரை அடைகின்றனர், அவ்விறைவரும் குறையுடையவர் அல்லர் என்று அருளிச்செய்கிறார். அவரவர் தம் விதிப்படி அடையும்படி நின்றவன் எம்பெருமானே என்று முடிக்கிறார். வ்யாக்யாதாக்கள் இதனை அந்தர்யாமித்வத்தைக் கொண்டு விளக்கினர். அத்தெய்வங்களுக்கு உள்ளே நின்று பலன் அளிப்பவன் அவனே என்பது அவர்கள் காட்டும் பொருள். ஸ்ரீகீதையின் ஒன்பதாம் அத்யாயத்தில், பிற தேவதைகளை ச்ரத்தையோடு வழிபடுவோரும் முறை பிறழ்ந்தேனும் தன்னையே வழிபடுகின்றனர் என்று கண்ணன் சொன்னதும் இதனோடு சேரும்.

நான்காம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியில் ஆழ்வார் குரல் மாறுகிறது. அங்கே திருக்குருகூர் ஆதிப்பிரானைக் காட்டி, இவன் இருக்க வேறு தெய்வம் தேடுகிறீர்களே என்று கடிந்து பேசுகிறார். இப்பதிகத்தை மட்டும் படித்தவர், ஆழ்வார் மாற்றாரை ஒதுக்கிவிட்டார் என்று எண்ணக்கூடும். ஐந்தாம் பாசுரத்தில் நின்று பார்க்க வேண்டும். லிங்க புராணத்தைப் பற்றியவர்களையும் சமணரையும் சாக்கியரையும் வலிய வாது செய்பவர்களையும் விளித்துவிட்டு, அவர்களாகவும் அவர்களுடைய தெய்வமாகவும் ஆகி நிற்பவன் அவனே என்கிறார். வாதத்தின் சூடு தணியாத இடத்திலேயே எதிர்வாதியும் எம்பெருமானின் திருமேனிக்குள் வந்துவிடுகிறான். ஒப்பு என்பது வேறு, உறவு என்பது வேறு. தெய்வங்களை ஒப்பாக்க மறுத்த அதே ஆழ்வார், மனிதரை உறவுக்கு வெளியே நிறுத்தவும் மறுத்துவிட்டார். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டிய சரீராத்ம பாவம் இவ்வுறவின் இலக்கணம். சித்தும் அசித்தும் அனைத்தும் அவனுக்குச் சரீரம் என்றால், நம் அறையில் எதிர்க்கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளையும் அச்சரீரத்தில் அடங்கியவனே. அவனை இகழ்வது எங்கே சென்று சேரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்நாட்டு நிலமே இதற்குப் பழகியதுதான். திருக்கடல்மல்லையில் கடற்கரைக் கோயிலின் இரு சிவ ஸந்நிதிகளுக்கு இடையே பல்லவர் காலத்துப் பள்ளிகொண்ட பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். திருமங்கையாழ்வார் அத்திவ்யதேசத்தைப் பாடும்போது, சுடுகாட்டில் நடமாடும் பிஞ்ஞகனோடு இணங்கியிருப்பவன் என்று அவ்வெம்பெருமானைக் குறிப்பிடுகிறார். பொத்தேரிக்கு இரண்டு நிலையம் தள்ளி, சைவப் பேரறிஞரான மறைமலையடிகள் பெயரால் ஒரு நகரம் இருக்கிறது. அதற்கு அடுத்த நிலையமே சிங்கப்பெருமாள் கோயில், பாடலாத்ரி நரஸிம்ஹன் முக்கண்ணனாக ஸேவை ஸாதிக்கும் இடம். வண்டியில் செல்பவர்கள் இதை வேடிக்கையாகக் கூடக் கவனிப்பதில்லை.

அதே பெருஞ்சாலையில் தெற்கே சென்றால் மதுராந்தகம். பெரிய நம்பிகள் மகிழ மரத்தடியில் எம்பெருமானாருக்குப் பஞ்சஸம்ஸ்காரம் செய்தருளிய தலம் என்பதால் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அது பெயர் சொன்னாலே கைகூப்பத்தக்க ஊர். அங்குள்ள சக்ரவர்த்தித் திருமகனுக்கு ஏரி காத்த ராமர் என்னும் திருநாமம் அமைந்த வரலாற்றை அடியார்கள் அறிவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியின் ஜாகீர் நிலத்துக்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் ப்ளேஸ் என்ற ஆங்கிலேயர். ஏரிக்கரை மழைக்காலந்தோறும் உடைந்துகொண்டிருந்தது. தாயார் ஸந்நிதி கட்ட வைத்திருந்த கல்லைக் கண்ட அவர், இதைக் கரைக்குப் பயன்படுத்தலாகாதா என்று கேட்டதாகவும், கரை நிலைத்தால் ஸந்நிதியைத் தாமே கட்டித் தருவதாக வாக்களித்ததாகவும், பெருமழை இரவில் வில்லேந்திய இரு வீரர்கள் கரையைக் காத்து நின்றதைத் தம் கண்ணாலேயே கண்டதாகவும் ஸ்தல வரலாறு சொல்லும். ஜநகவல்லித் தாயார் ஸந்நிதியில் அவர் தர்மத்தைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

இவ்வரலாற்றை மெய்சிலிர்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நாம் சற்று நின்று பார்ப்போம். ப்ளேஸ் வரி வசூலிக்க வந்த அதிகாரி. ஏரிகளைச் சீர்செய்தால் விளைச்சல் பெருகும், விளைச்சல் பெருகினால் வரி பெருகும் என்பது அவர் கணக்கு. கோயில்களுக்கு உரிய மானியமும் உற்ஸவமும் நிலைபெற்றால் குடியானவர்கள் ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்பதும் அக்கணக்கின் பகுதியே. அவர் காலத்துச் செங்கற்பட்டுச் சீமையை ஆராய்ந்த யூஜின் இர்ஷிக் என்ற வரலாற்றாசிரியர் 1994இல் வெளியிட்ட தம் நூலுக்கு உரையாடல் என்னும் சொல்லையே தலைப்பில் வைத்தார். ஆள வந்தவரும் ஆளப்பட்டவரும் ஒருவரோடொருவர் பேசிப் பேசியே அக்கால அமைப்பை உருவாக்கினர் என்பது அவர் கருத்து. ப்ளேஸ் ஸ்ரீவைஷ்ணவர் ஆகவில்லை. ஆகும்படி யாரும் அவரைக் கேட்டதாகவும் வரலாறு இல்லை. அவருக்கு வேண்டியது கரை, ஊராருக்கு வேண்டியது தாயார் ஸந்நிதி. இரண்டும் ஒரே கல்லை நாடின. அந்த இழுபறியிலிருந்து பேச்சு பிறந்தது. நம் கவனத்தை ஈர்ப்பது கோயிலார் செய்தது. வேற்றுச் சமயத்தானுடைய பெயரைத் தாயார் ஸந்நிதியின் கல்லிலேயே இருக்க விட்டார்கள். அவன் கண்டது பெருமாளைத்தான் என்று ஏற்று, அவன் கண்டபடியே பெருமாளுக்குத் திருநாமமும் சாற்றிவிட்டார்கள். சமயங்களுக்கிடையிலான உரையாடல் என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது, ஒரு ஏரிக்கரைச் சேற்றில் இப்படித்தான் நடந்தது.

இதைவிடக் கடினமான சான்று ஒன்று உண்டு. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தது. பிள்ளை லோகாசார்யர் தம் முதுமையில் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு காடும் மலையும் கடந்து, ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். வேதாந்த தேசிகர் ச்ருதப்ரகாசிகையைக் காத்துக்கொண்டு பிணங்களுக்கு இடையே கிடந்தார் என்று நம் குருபரம்பரை சொல்கிறது. நம்பெருமாள் மீண்டு எழுந்தருளியது 1371இல். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அரங்கன் அரங்கத்தில் இல்லை. இக்காயத்தை நாம் மறந்துவிட வேண்டும் என்று யாரும் நமக்கு உபதேசிக்க வேண்டாம். மறப்பதும் தகாது.

அவ்வாறு காயப்பட்ட அதே திருவரங்கத்தில், துலுக்க நாச்சியாருக்கு இடம் இருக்கிறது. தில்லிப் பாதுஷாவின் மகள் பெருமாள்மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்தாள் என்ற வரலாற்றை ஒட்டி, அவள் அங்கே சித்திரமாக எழுந்தருளியிருக்கிறாள். அவளுக்காக ரொட்டி அமுது செய்விக்கப்படுகிறது, பெருமாள் கைலி உடுத்து ஸேவை ஸாதிக்கிறார். திருநாராயணபுரத்தில் செல்வப்பிள்ளையோடு தொடர்புபடுத்தி எம்பெருமானார் காலத்திலேயே இது நிகழ்ந்ததாகச் சொல்வர். எம்பெருமானார் 1137இல் திருநாட்டுக்கு எழுந்தருளினார், தில்லியில் ஸுல்தான்கள் ஆட்சி தொடங்கியதோ 1206இல், ஆகவே இது பொருந்தாது என்று கால ஆராய்ச்சியாளர் சொல்வதை நாம் அறிவோம். அவ்வாராய்ச்சியோடு நமக்குச் சண்டையில்லை. நாம் கேட்பது வேறு. படையெடுத்தவர்களின் குலத்துப் பெண் ஒருத்தியை நாச்சியாராக நினைக்க, எந்த மனத்துக்கு இயலும்? கோயிலை இழந்து மீண்டும் பெற்ற ஒரு ஸமூகம், தன் வெறுப்புக்குக் கோயிலில் இடம் ஒதுக்கவில்லை. அப்பெண்ணின் காதலுக்கு இடம் ஒதுக்கியது. இன்று சிலர் 1323ஐ மட்டும் நினைவூட்டுகின்றனர், வேறு சிலர் துலுக்க நாச்சியாரை மட்டும் நினைவூட்டுகின்றனர். கோயில் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது என்பதே நம் துணிபு.

இனி, பேசும் முறைக்கு வருவோம். மாற்றாரோடு பேசுவதற்கு எம்பெருமானார் வகுத்த இலக்கணத்தைவிடச் சிறந்த ஒன்றை நாம் எங்கும் கண்டதில்லை. ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் உள்ள மஹாபூர்வபக்ஷத்தைப் படித்தவர்கள் இதை உணர்வர். அத்வைதிகளின் கொள்கையை அவர் அங்கே எடுத்து வைக்கும் விதம், அவர்களே வைத்திருந்தால் இவ்வளவு செவ்வையாக வைத்திருப்பார்களோ என்று தோன்றச் செய்வது. எதிர்வாதியின் வலுவான வாதத்தை ஒளித்து வைத்துவிட்டு மெலிந்த வாதத்தை அடித்து வீழ்த்தும் வழக்கம் அவரிடம் இல்லை. யஜ்ஞமூர்த்தியோடு 18 நாள் வாதம் நிகழ்ந்தபோது, தாம் தோற்றால் இனி நூல் எழுதுவதில்லை என்று வாக்குக் கொடுத்தே அவர் அமர்ந்தார். 17ஆம் நாள் முடிவில் மனம் தளர்ந்து மடத்துக்குத் திரும்பினார் என்பதையும் குருபரம்பரை மறைக்கவில்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் பேசுவது வாதமாகாது. யஜ்ஞமூர்த்தி பின்னர் அருளாளப் பெருமாள் எம்பெருமானாராக, ஞானஸாரம் ப்ரமேயஸாரம் அருளிய ஆசார்யராக விளங்கினார். எதிர்வாதிக்குத் தம் திருநாமத்தையே அளித்தவர் அவர்.

பொத்தேரி விடுதியில் நம் பிள்ளை இதைப் பின்பற்றுவது எப்படி? அறைத்தோழனுடைய ஈமானை அவன் தகப்பனார் கேட்டால் தலையசைக்கும்படி எடுத்துச் சொல்ல நமக்குத் தெரியுமா? கிறித்தவன் சொல்லும் க்ருபைக்கும் நாம் சொல்லும் நிர்ஹேதுக க்ருபைக்கும் உள்ள ஒற்றுமை இன்னது, வேற்றுமை இன்னது என்று பிரித்துக் காட்டத் தெரியுமா? தெரியாமல் எல்லாம் ஒன்று என்பதும், தெரியாமல் எல்லாம் வேறு என்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள்.

இந்த உழைப்பை நமக்காகச் செய்தவர்கள் அக்கரையில் இருக்கிறார்கள் என்பது நமக்குச் சற்றே வெட்கம் தரும் செய்தி. ஜான் கார்மன் 1974இல் எம்பெருமானாரின் தத்வத்தைப் பற்றி எழுதிய நூலைச் சமயங்களிடையே புரிதலுக்கான முயற்சி என்றே அழைத்தார். ஏசு ஸபைத் துறவியும் ஹார்வர்டு பேராசிரியருமான ஃப்ரான்ஸிஸ் க்ளூனி, திருவாய்மொழியை வ்யாக்யானங்களோடு பல்லாண்டு பயின்றவர். 2008இல் நம் ரஹஸ்யத்ரயத்துக்கே ஒரு கிறித்தவ உரை வெளியிட்டார். தாம் கத்தோலிக்கர் என்பதை அவர் மறைத்ததும் இல்லை, விட்டதும் இல்லை. ஆசார்யன் திருவாயால் கேட்கவேண்டிய ரஹஸ்யங்களைப் புறச்சமயத்தார் அச்சில் விவரிக்கலாமா என்று நம்மில் சிலர் முகம் சுளித்தனர். அத்தயக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் ரஹஸ்ய க்ரந்தங்களை நாமே அச்சிட்டு, மின்னூலாக்கி உலகெங்கும் அனுப்பிவிட்ட பிறகு, வாசித்தவர் கவனமாக வாசித்ததற்காக வருந்துவது பொருந்துமா?

இவ்விடத்தில் மாற்றாரின் மெய்யான ஆக்ஷேபம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். “நீங்கள் அனைவரும் எங்கள் பெருமாளின் சரீரம் என்று சொல்வது அன்பாகத் தோன்றலாம். நாங்கள் அதைக் கேட்கவே இல்லையே. எங்களை எங்கள் பெயரால் அழைக்காமல் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள உங்களுக்கு யார் உரிமை தந்தது?” இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. கத்தோலிக்க அறிஞர் கார்ல் ரானர், கிறிஸ்துவை அறியாமலே அவரருளில் வாழும் பிறரை அநாமதேயக் கிறித்தவர்கள் என்றார். நம்மை அப்பெயரால் ஒருவர் அழைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? ரானர் மதிப்போடுதான் சொன்னார். இருந்தும் உடையவர் திருவடி ஸம்பந்தம் பெற்றவர்களுக்கு அது முள்ளாகத்தான் குத்தும். அதே முள்ளை நாம் பிறருக்குக் குத்தலாமா?

நம் விடை இது. சரீராத்ம பாவம் தத்வம், அதை நாம் விட இயலாது. ஆனால் அத்தத்வம் கடமையை நம்மேல்தான் சுமத்துகிறது, மாற்றார்மேல் சுமத்துவதில்லை. அதை அவர்களிடம் வாதத்தில் வெல்வதற்கான சொல்லாக வீசத் தொடங்கிய நொடியே அது பொருள் இழந்துவிடும். ஒருவன் எம்பெருமானின் சரீரம் என்று நாம் அறிவது, அவனுக்குப் பசித்தால் நமக்கு எப்படிப் படவேண்டும் என்பதை நாம் அறிவதற்காக. 2015 டிசம்பர் பெருவெள்ளத்தில் தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் வீடுகள் மூழ்கியபோதும், சென்னையெங்கும் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தபோதும், இஸ்லாமிய இளைஞர்கள் கோயில்களில் புகுந்த சேற்றை வாரியபோதும் சரீரம் என்ற சொல் அங்கே பேசப்படவில்லை. பொருள் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

கடவுளே இல்லை என்பவனைப் பற்றி இன்னும் நாம் சொல்லவில்லை. அவனை ஆழ்வார் மறக்கவில்லை. முதல் திருவாய்மொழியின் ஒன்பதாம் பாசுரம், உளன் என்றாலும் இலன் என்றாலும் அவன் உளனே என்று காட்டுவது. சூந்யவாதியை நோக்கியது என்று ஈட்டில் நம்பிள்ளை நிர்வஹிப்பர். குடம் இல்லை என்றால் ஓடாக இருக்கிறது என்று பொருள், இன்மை என்பதும் இருப்பின் ஒரு நிலையே என்பது அங்குள்ள யுக்தி. பௌதிகம் படிக்கும் இன்றைய பிள்ளை இந்த யுக்தியால் மனம் மாறுவான் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. நம்மைத் தொடுவது பாசுரம் இருக்கும் இடம். நாராயணன் என்னும் திருநாமத்தை ஆழ்வார் வெளியிடுவது அடுத்த திருவாய்மொழியின் இறுதியில்தான். திருநாமம் வருவதற்கு முன்பே, இல்லை என்பவனுக்கு ப்ரபந்தத்தில் இடம் கிடைத்துவிட்டது.

இல்லை என்பவர்கள் சில வேளைகளில் நமக்கு நம்மையே காட்டிவிடுவதும் உண்டு. வாழ்நாள் முழுதும் பகுத்தறிவுக் கொள்கையில் நின்ற மு. கருணாநிதி, தம் தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், 2015இல் எம்பெருமானாரின் வாழ்வைத் தொலைக்காட்சித் தொடராக எழுதினார். அதில் வரும் இராமாநுசர் ஸமூகச் சீர்திருத்தக்காரர். சரணாகதி அங்கே பின்னணி இசைபோல ஒலிக்கிறது. நம் உடையவர் அவ்வளவுதானா என்று நமக்கு மனக்குறை உண்டு, அதைச் சொல்லத் தயங்கவில்லை. ஆனால் திருக்கோஷ்டியூர்க் கோபுரமும், உறங்காவில்லி தாஸரும், திருக்குலத்தாரும் நம் உபந்யாஸங்களில் கதையாக மட்டும் ஒலித்து வந்த காலத்தில், அவற்றை மெய்யாகவே நடைமுறைக்கு உரியவை என்று எடுத்துக்கொண்டு எழுதியவர் ஒரு நாஸ்திகர். அவர் படித்ததில் பாதி தவறு என்று நாம் சொல்லலாம். மற்றப் பாதியை நாம் படிக்கத் தவறியிருந்தோம்.

செங்கற்பட்டுச் சீமையின் பழைய எல்லைக்குள், காஞ்சிக்கு அருகே உள்ள கூரத்தில் அவதரித்தவர் கூரத்தாழ்வான். மாற்றுச் சமயத்துச் சோழ அரசனின் அவையில், தம் கொள்கைக்கு மாறாகக் கையொப்பம் இட மறுத்துக் கண்களை இழந்தவர். இணங்கிப் போதல் என்னும் பேச்சுக்கே அவரிடம் இடம் இல்லை. அவரைக் காட்டிக்கொடுத்தவன் நாலூரான், ஆழ்வானோடு சிஷ்ய ஸம்பந்தம் உடையவன். பின்னாளில் எம்பெருமானார் ஆழ்வானைப் பேரருளாளன் முன்னிலையில் கண்ணை வேண்டும்படி நியமித்தார். வரதராஜ ஸ்தவம் அருளிச்செய்து, பெருமாள் திருவுள்ளம் உகந்து வேண்டுவதைக் கேள் என்றபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். பெருமாளும் அப்படியே ஆகுக என்று இசைந்தருளினார். நாலூரான் மனம் வருந்தினானா, மன்னிப்புக் கேட்டானா, தன் கருத்தை மாற்றிக்கொண்டானா என்பதை அந்த விண்ணப்பம் கேட்கவே இல்லை.